பெட்டியை எவ்வளவு சிறிதாக வெட்டுவது?

கேள்வி: புனல் வடிவத் தொட்டியிலிருந்து 4 மி.மீ. விட்டமுள்ள மணிகள் கொட்டுவதை டி.இ.எம். முறையில் (ஒவ்வொரு துகளின் அசைவையும் தனித்தனியே கணிக்கும் முறை) கணித்துவருகிறேன். துல்லியம் கூடும் என்று நம்பி, அண்டை மணிகளைத் தேடுவதற்காக இடத்தைக் கூறுபோடும் தேடல் பெட்டியின் அளவைப் பாதியாக்கினேன். விடை மாறவில்லை, ஓடும் நேரம்தான் கூடியது. அடர்த்தி வரைபடமும் திட்டுத்திட்டாகத் தெரிகிறது. அடுத்துக் காற்றோட்டத்தையும் சேர்க்க வேண்டும். சரியான அளவுகள் எவை?

பதில்: விடை மாறாததுதான் சரி. பீட்டர் கண்டலும் ஓட்டோ ஸ்ட்ராக்கும் 1979-இல் விளக்கிய இம்முறையில் விசை பிறப்பது துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில். தேடல் பெட்டியோ அருகிலுள்ள துகள்களை விரைவாகப் பொறுக்கியெடுக்கும் ஏற்பாடு மட்டுமே. பெட்டியை 4 மி.மீ. என்று வைத்தால், இடத்தில் 60 விழுக்காட்டை மணிகளே நிரப்பிய குவியலில் பெட்டிக்கு ஏறத்தாழ ஒரு மணி விழும். அந்தப் பெட்டியும் சுற்றியுள்ள 26-ம் ஆக 27 பெட்டிகளிலும் சேர்த்துச் சுமார் 31 மணிகளைச் சோதித்தால் போதும். மிகச் சிறிதாக வெட்டினால் காலிப் பெட்டிகளைத் தட்டிப் பார்ப்பதிலேயே நேரம் போய்விடும். துகள் கணிப்புக்கான லாம்ப்ஸ் (LAMMPS) மென்பொருள், தொடுதூரத்தோடு 'ஸ்கின்' எனப்படும் கூடுதல் ஓர இடைவெளியையும் கூட்டி, அதில் பாதியைத் தானாகவே பெட்டியளவாக எடுத்துக்கொள்கிறது. நான் பெரும்பாலும் அதில் கை வைப்பதில்லை.

கை வைக்க வேண்டிய இடம், பருமன் வேறுபட்ட கலவை. 10 மி.மீ. மணிகளை முன்னிட்டுப் பெட்டியைப் பெரிதாக்கினால், 1 மி.மீ. மணிகள் மட்டுமே நிறைந்த ஒரு பெட்டியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அடங்கும். 27 பெட்டிகளில் முப்பதாயிரத்தைத் தாண்டிவிடும். அப்போது பருமனுக்கேற்பத் தனித்தனிப் பெட்டியமைப்பை வைத்துக்கொள்ள வேண்டும்.

அடர்த்தியை அளக்கும் பெட்டி வேறு. மையப்புள்ளியை வைத்து எண்ணினால், 4 மி.மீ. பெட்டியில் ஒரு மணி விழும்போது 52 விழுக்காடும், இரண்டு விழுந்தால் நடக்கவே முடியாத 105 விழுக்காடும் காட்டும். உங்கள் திட்டுகளுக்குக் காரணம் இதுவாகவே இருக்கும். 12 மி.மீ. பெட்டியில் சுமார் 31 மணிகள் இருப்பதால் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் 3 விழுக்காடே அசையும். ஆனால் சுவரையொட்டி மணிகள் அடுக்கடுக்காக நிற்பது அந்தச் சராசரியில் மறைந்துபோகும்.

காற்றோட்டத்தைக் கணிக்க இடத்தைச் சிறு அறைகளாகப் பிரிக்கும் மெஷ் மட்டும் விடையையே மாற்றக்கூடியது. துகளைச் சுற்றி ஓடும் காற்றை நுணுக்கமாகத் தீர்க்காமல், இழுவிசையைச் சூத்திரத்தால் கணிக்கும் முறையில், மெஷ் அறை துகளைவிடச் சிறுத்தால் துகள் மையம் விழுந்த அறையில் காலியிடத்தின் பங்கு பூச்சியத்துக்கும் கீழே இறங்கி, கணிப்பு சிதறும். எனவே துகள் விட்டத்தின் மூன்று மடங்குக்குக் குறையாமல், அதாவது 12 மி.மீ.யில் தொடங்குங்கள். உங்கள் தொட்டியின் வாய் 40 மி.மீ. மட்டுமே என்றால் அதன் குறுக்கே மூன்று அறைகள்தான் வரும். அது போதாது என்று தோன்றினால், மெஷ்ஷைச் சிறிதாக்கும்போதே துகளின் கனஅளவை அண்டை அறைகளுக்கும் பகிர்ந்தளிக்கும் வசதியையும் இயக்கிவிடுங்கள்.