போனுக்குப் பூட்டு எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஒரு நெட்வொர்க் கம்பெனியிடம் போன் வாங்கினேன். மாதக் கட்டணம் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. ஓர் அவசரத்துக்கு வேறு நெட்வொர்க்கில் இருக்கும் தங்கையின் சிம்மைப் போட்டால், ‘இந்த சிம் செல்லாது’ என்கிறது. “விலையைக் குறைத்துக் கொடுத்தவன், தன் சிம் மட்டும் ஓடும்படி போனைப் பூட்டத்தானே செய்வான்?” என்கிறார் கணவர். நீங்கள் யார் பக்கம்?
– ஒரு வாசகி

பதில்: உங்கள் பக்கம்தான் அம்மா. ஆனாலும் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. 2007-ல் ஜெர்மனியில் நடந்ததைப் பாருங்கள். முதல் ஐபோனை டி-மொபைல் ஒப்பந்தத்தோடு 399 யூரோவுக்கு விற்றது. போட்டிக் கம்பெனியான வோடபோன் கோர்ட்டுக்குப் போய், அப்படிப் பூட்டி விற்பதற்குத் தடை வாங்கியதும், பூட்டில்லாத அதே போனை 999 யூரோவுக்குக் கொடுத்தார்கள். தடை நீங்கியதும் பூட்டு திரும்பி வந்துவிட்டது. நடுவில் இருக்கும் 600 யூரோவைக் கம்பெனி மாதாமாதம் கட்டணத்தில்தான் எடுக்க வேண்டும். அதற்குள் ஆள் போனோடு நழுவிவிட்டால் என்ன செய்வது என்று பயப்படுகிறார்கள். பயப்படட்டும், அதில் தப்பில்லை.

ஆனால் அந்தப் பணத்துக்குத்தான் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே! தங்கை சிம்மைப் போட்டாலும், போனை அலமாரியில் வைத்துப் பூட்டினாலும், இரண்டு வருடத்துக்கு பில் வந்துகொண்டுதான் இருக்கும். நடுவில் விலகினால் அதற்கும் ஒரு தொகை கேட்பார்கள். கட்டாதவரைக் கேட்க ஒப்பந்தம் இருக்கிறது. சிம் பூட்டு ஒரு காசுகூட வசூலித்துத் தராது. கடனை அடைத்த பிறகும் அது தானாகக் கழன்றுகொள்ளாத இடங்கள் உண்டு என்பதுதான் எனக்கு எரிச்சல்.

போன் பழுது பார்க்கும் மேஜையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். ஒரு நர்ஸம்மா வந்தார். ஒப்பந்தம் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது, நெட்வொர்க்கும் மாறிவிட்டார். மகனுக்குக் கொடுக்கலாம் என்று பழைய போனை எடுத்தால், புது சிம்மை ஏற்க மறுக்கிறது. என் எதிரிலேயே ஸ்பீக்கரில் போட்டுப் பழைய கம்பெனிக்குப் பேசினார். “நீங்கள் இப்போது எங்கள் வாடிக்கையாளர் இல்லையே, பூட்டைத் திறக்கும் அன்லாக் கோட் வாடிக்கையாளருக்குத்தான்” என்றார்கள். வாடிக்கையாளராக இருந்தபோது இப்படி ஒரு கோட் இருப்பதையே யாரும் அவரிடம் சொல்லவில்லை! நாலைந்து தடவை பேசிய பிறகு 16 இலக்க எண் ஒன்று வந்தது. தப்பாக அடித்தால் சில தடவைதான் அனுமதி, அப்புறம் போன் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும் ரகம் அது. அவர் நாலு நாலாக வாசிக்க, நான் அடித்தேன். கடைசி எண்ணில் இரண்டு பேருமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். முழு விலையும் கட்டி முடித்த போனுக்கு இந்தப் பாடு.

இத்தனைக்கும் உள்ளே பெரிய மாயமில்லை. ஒவ்வொரு சிம்மிலும் ஓர் எண் இருக்கிறது. அதன் முதல் 5 அல்லது 6 இலக்கங்கள் எந்த நாடு, எந்த நெட்வொர்க் என்று சொல்லும். அது தன்னிடம் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று போன் பார்க்கிறது, இல்லையென்றால் கதவைச் சாத்துகிறது. அவ்வளவுதான்.

கம்பெனிகள் சொல்வதில் நான் காது கொடுக்கும் காரணம் ஒன்று உண்டு: மோசடி. பொய்ப் பெயரில் போன் வாங்கி, முதல் பில் வருவதற்குள் விற்றுவிடும் கூட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் வெரைசன் என்ற நெட்வொர்க் கம்பெனி இதைச் சொல்லித்தான் 2019-ல் 60 நாள் பூட்டுக்கு அனுமதி வாங்கியது. சரி, அந்த மாதிரி ஒரு கெடு இருக்கட்டும். கெடு முடிந்த அன்று, யாரும் கேட்காமலே பூட்டு திறந்துகொள்ள வேண்டும். இரண்டு வருடமெல்லாம் மோசடிக்காரனுக்கான பூட்டு இல்லை, உங்களுக்கான பூட்டு.

“பூட்டு போனால் தவணை போனும் போய்விடும்” என்று பயமுறுத்துவார்கள். கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் புதுப் போன்களைப் பூட்டில்லாமல்தான் விற்க வேண்டும். பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்து அதே விதி. இரண்டு நாட்டிலும் ஒப்பந்தத்துக்குப் போன் விற்பது நின்றுவிடவில்லை. இதை வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: பழைய போன் வாங்கப் போகிறேன். பூட்டு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?
– ஒரு கல்லூரி மாணவர்

பதில்: வேறு நெட்வொர்க் சிம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், பணம் கொடுப்பதற்கு முன்னால் போட்டு ஒரு கால் பேசிவிடுங்கள் தம்பி. ஐபோன் என்றால் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய் ‘கேரியர் லாக்’ வரியைப் பாருங்கள். ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்றிருந்தால் பூட்டில்லை. அப்புறம் *#06# அடித்தால், அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். திருட்டுப் போன் என்று அந்த எண் தடைப் பட்டியலில் ஏறியிருந்தால், பூட்டு திறந்திருந்தும் பிரயோஜனம் இல்லை. பூட்டு வேறு, தடை வேறு. இரண்டையும் விசாரியுங்கள்.

கேள்வி: இணையத்தில் ஒருவர் பணம் அனுப்பினால் அன்லாக் கோட் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?
– இன்னொரு வாசகர்

பதில்: வேண்டாம் ஐயா. முதலில் போன் விற்ற கம்பெனியிடமே எழுத்தில் கேளுங்கள், ஒப்பந்தம் முடிந்திருந்தால் கடைசி பில்லையும் சேர்த்து அனுப்புங்கள். கோட் வந்ததும், கண்ணாடி போட்டுக்கொண்டு, நாலு நாலாகப் பிரித்துப் பெரிதாக எழுதிவைத்த பிறகு அடியுங்கள்.