யாருக்கும் தெரியாத ஒரு ராக் பேண்ட் புது ஆல்பம் போட்டால் அதன் ரசிகர்கள் ஏன் இந்தக் குதி குதிக்கிறார்கள்?

கேள்விக்குக் கீழே நீங்கள் சேர்த்திருக்கும் விளக்கத்தையும் படித்தேன். "பெயர்கூடக் கேள்விப்படாத குழு. தாங்கள் தனி ரகம் என்று காட்டிக்கொள்ளத்தானே இந்த அலப்பறை?" உங்கள் அறையிலோ ஆபீஸிலோ ஓர் ஆள் லிங்க் மேல் லிங்க்காக அனுப்பித் தள்ளுகிறார், நீங்கள் வெறுத்துப்போய் இங்கே வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படிப்பட்ட ஆள்தான். அதனால் அவர் சார்பில் நானே பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தக் காட்டிக்கொள்ளும் விஷயம். பந்தா காட்ட வேண்டுமென்றால் எதிராளிக்குத் தெரிந்த பெயரைத்தான் சொல்ல வேண்டும். பிங்க் ஃபிளாய்ட் என்று சட்டையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினால் நாலு பேர் பார்ப்பார்கள். நான் கிங்ஸ் எக்ஸ் என்று எழுதிய டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு திருப்பூர் போனபோது, "இது எந்தக் கம்பெனி பிராண்டுங்க, எக்ஸ்போர்ட் சரக்கா?" என்று ஒருவர் துணியைத் தொட்டுப் பார்த்தார். இதில் எங்கே இருக்கிறது பந்தா?

கிங்ஸ் எக்ஸ் என்பது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டனில் வளர்ந்த மூன்று பேர் குழு. பேஸ் (அடிநாதம் கொடுக்கும் தடித்த தந்திக் கிட்டார்) வாசித்துப் பாடுபவர் டக் பின்னிக், கிட்டார் டை டேபர், டிரம்ஸ் ஜெர்ரி கேஸ்கில். மூன்று பேருமே பாடுவார்கள். 1980-களின் தொடக்கத்தில் மிசௌரியில் வேறு பெயர்களில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள், ஹூஸ்டனுக்கு வந்து பெயரை மாற்றி, 1988-ல் முதல் ஆல்பத்தைப் போட்டார்கள். அன்றிலிருந்து அதே மூன்று பேர். ஆள் மாறவே இல்லை. ராக் உலகத்தில் இது எவ்வளவு அரிது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

எனக்கு இவர்களை அறிமுகப்படுத்தியது ஐஸ்வாலிலிருந்து வந்து எங்கள் ஹாஸ்டலில் தங்கியிருந்த நண்பன். தொண்ணூறுகளில் பொறியியல் கல்லூரி ஹாஸ்டலில் இருந்தவர்களுக்குத் தெரியும், வடகிழக்கிலிருந்து வந்த பையன்களின் அறையில்தான் நல்ல ராக் கேசட் இருக்கும். வந்த ஒரே செமஸ்டரில் "மச்சி"யைப் பிடித்துக்கொண்டவன் அவன். 90 நிமிட கேசட்டில் 'டாக்மேன்' ஆல்பத்தைப் பதிவு செய்து வைத்திருந்தான். "மச்சி, சத்தமா வை. மெதுவா வச்சா இது புரியாது" என்றான். வைத்தேன். அடிவயிற்றில் இடிக்கிற கிட்டார், பேஸ். அதற்கு மேலே சர்ச் கொயர் மாதிரி மூன்று குரல்கள். இரண்டும் எப்படி ஒரே பாட்டில் இருக்க முடியும் என்று அன்றைக்கு விழித்தவன், இன்னும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பின்னிக் வாசிக்கிற பேஸில் சில சமயம் பன்னிரண்டு தந்திகள் இருக்கும். வழக்கமான நாலு தடித்த தந்திகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மேல் ஸ்தாயியில் இரண்டு மெல்லிய தந்திகள். ஒரு தடவை தட்டினால் மூன்றும் சேர்ந்து அதிரும். அதனால்தான் மூன்று பேர் வாசிப்பது ஐந்து பேர் வாசிப்பது போல் கேட்கும். போதாததற்கு அவர் இடது கைக்காரர். யூடியூபில் அவர் விரல்களைப் பார்த்து வாசிக்கப் பழகலாம் என்று உட்கார்ந்தால் எல்லாம் தலைகீழாகத் தெரியும்.

இவ்வளவு இருந்தும் ஏன் பெரிய ஆளாகவில்லை என்று கேட்பீர்கள். வாய்ப்பு கிடைக்காமல் இல்லை. 1990-ல் வந்த 'ஃபெய்த் ஹோப் லவ்' அமெரிக்காவின் முதல் நூறு ஆல்பங்களுக்குள் நுழைந்தது. ஏசி/டிசி குழுவுக்கு முன்னால் மேடையேறினார்கள். சியாட்டிலின் புகழ்பெற்ற ராக் குழு பேர்ல் ஜாமுக்குத் தயாரிப்பாளராக இருந்த பிரெண்டன் ஓ'பிரையன்தான் 1994-ல் 'டாக்மேன்' ஆல்பத்தையும் தயாரித்தார். அதே வருஷம் வுட்ஸ்டாக் விழாவின் 25-ஆம் ஆண்டுக் கொண்டாட்டத்தில் வாசித்தார்கள். சியாட்டிலிலிருந்து கிளம்பிய கிரஞ்ச் என்ற கரடுமுரடான ராக் அலைக்கு இவர்கள்தான் ஆரம்பம் என்று பேர்ல் ஜாமின் ஜெஃப் ஏமென்ட்டே சொன்னதாக ரசிகர்கள் மார்தட்டிக்கொள்வோம். அலை வந்தது, சியாட்டில்காரர்கள் ஏறிப் போனார்கள், இவர்கள் கரையிலேயே நின்றார்கள்.

இன்னொரு பிரச்சினை மதம். மூன்று பேரும் கிறிஸ்தவப் பின்னணியிலிருந்து வந்தவர்கள். வரிகளில் அது எட்டிப் பார்க்கும். அதனால் ராக் ரேடியோக்காரர்களுக்கு இவர்கள் பிரசங்கிகள். சர்ச் பக்கம் போனால், அங்கே இருப்பவர்களுக்கு இவர்கள் போதுமான அளவு பிரசங்கம் செய்யாதவர்கள். 1998-ல் பின்னிக் தான் ஒரு தன்பால் ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னார். கிறிஸ்தவப் புத்தகக் கடைகள் ஆல்பங்களை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டன. பின்னிக் கறுப்பினத்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கனமான ராக் பாடுகிற கறுப்பரை எந்தப் பெட்டியில் போடுவது என்று வியாபாரிகளுக்குத் தெரியவில்லை. (இது என் கணிப்பு. ஆதாரம் கேட்டு யாரும் கமெண்டில் வராதீர்கள்.)

சரி, புது ஆல்பத்துக்கு வருவோம். 2008-ல் ஓர் ஆல்பம் போட்டார்கள். அப்புறம் ஒன்றும் இல்லை. 2012 பிப்ரவரியில் ஜெர்ரிக்கு மாரடைப்பு, பிழைத்ததே பெரிய விஷயம். அதே வருஷக் கடைசியில் சாண்டி புயல் அடித்தபோது நியூ ஜெர்சியில் இருந்த அவர் வீடும் போயிற்று. அமெரிக்காவில் ஆஸ்பத்திரி பில் எப்படி இருக்கும் என்று அங்கே சொந்தக்காரர்கள் இருப்பவர்களைக் கேளுங்கள். அவர் மருத்துவச் செலவுக்கு உதவ, 1991-ல் பாஸ்டனில் வாசித்த ஒரு பழைய கச்சேரிப் பதிவைத் தூசி தட்டி விற்றார்கள், ரசிகர்கள் வாங்கினோம். 2014-ல் அவருக்கு இரண்டாவது மாரடைப்பு. அந்தச் செய்தியைப் படித்த அன்று ஐஸ்வால் நண்பன் போன் செய்தான். "அவ்வளவுதான் மச்சி, இனிமே ஆல்பம் வராது" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆல்பம் கிடக்கட்டும், ஆள் இருந்தால் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டோம்.

ஆனால் ஜெர்ரி திரும்ப வந்து டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தார். 2019-ல் கலிபோர்னியாவில் மூன்று பேரும் சேர்ந்து பதிவு செய்தார்கள். முடித்துக்கொண்டு வெளியே வந்தால் கொரோனா. பாட்டு தயார், வெளியிட வழியில்லை. ஒருவழியாக 2022 செப்டம்பர் 2-ஆம் தேதி 'த்ரீ சைட்ஸ் ஆஃப் ஒன்' வந்தது. பதினாலு வருஷம் கழித்து. மறுநாள் பின்னிக்குக்கு 72 வயது முடிகிறது.

இப்போது கேள்வியைத் திரும்பப் படியுங்கள். ஏன் குதிக்கிறார்கள்?

அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இணையத்தில் இந்தக் குழுவின் ரசிகர்கள் கூடும் ஓர் இடத்தில் நானும் பல வருஷமாக இருக்கிறேன். பெரும்பாலும் அமெரிக்கர்கள், கொஞ்சம் ஐரோப்பியர்கள். மீன் பிடிக்கும் படமும் பேரக்குழந்தை படமும் போடுகிற ஆட்கள். நான் கோயம்புத்தூர்க்காரன் என்றதும் ஒருவர், "அங்கே மின்சாரம் உண்டா?" என்ற ரீதியில் கேட்டிருக்கிறார். கெட்ட எண்ணத்தில் இல்லை, தெரியாமல் கேட்டார், விட்டுவிட்டேன். ஆல்பம் வரும் வாரம் முழுக்க அங்கே திருவிழா. யாராவது ஒருவர் பழைய டிக்கெட்டை ஸ்கேன் செய்து போடுவார், அடுத்தவர் அதற்குக் கீழே அதே கச்சேரியில் தானும் இருந்ததாக எழுதுவார்.

பாட்டு ஆப்களில் ஆல்பம் அந்தந்த நாட்டு நள்ளிரவில் திறக்கும். நமக்கு வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி அடிக்கும்போது ஹூஸ்டனில் வியாழன் மதியம் ஒன்றரை. புரிகிறதா? அந்தக் குழு பிறந்து வளர்ந்த நாட்டுக்காரர்களுக்குக் கிடைப்பதற்குப் ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் முன்னாடி கோயம்புத்தூருக்கும் ஐஸ்வாலுக்கும் வந்துவிட்டது!

வீட்டில் எல்லாரும் தூங்கியாயிற்று. ஹாலில் லைட் போட்டால் அம்மா எழுந்துவிடுவார் என்று சமையலறையில் ஸ்டூலைப் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மறுநாள் இட்லிக்கு அரைத்து வைத்த மாவு, மூடியைத் தூக்கும் அளவுக்குப் பொங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு அடித்ததும் முதல் பாட்டு 'லெட் இட் ரெய்ன்' ஆரம்பித்தது. அந்தக் குரல். எழுபது வயதை ஒட்டிய குரல் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பிறகு கோரஸில் மற்ற இரண்டு குரல்களும் வந்து சேர்ந்தன. ஜெர்ரியின் டிரம்ஸை மட்டும் தனியாகக் காதில் பிடிக்கப் பார்த்தேன். ஆள் நன்றாக இருக்கிறார் என்று தெரிந்தது. அதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

மனைவி தண்ணீர் குடிக்க வந்தவள், "ஏங்க, யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?" என்று பதறிவிட்டாள். இல்லை, பாட்டு கேட்கிறேன் என்றேன். அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இந்தப் பக்கம் ரசிகர் குழுவில் அமெரிக்கர்கள் கெஞ்சுகிறார்கள். எப்படி இருக்கிறது, டக் எப்படிப் பாடியிருக்கிறார், கிட்டார் பழைய சத்தமா புதுசா, சொல் சொல் என்று. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் நான் நாலு வரி எழுத, அதை ஆபீஸ் நேரத்தில் ஒளிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். மின்சாரம் உண்டா என்று கேட்டாரே, அவர்தான் முதல் ஆளாக வரிசையில் நின்றார். பெருமையாகத்தான் இருந்தது. அதில் என்ன தப்பு?

ஆல்பம் அவர்களுடைய உச்சம் என்று நான் சொல்லவில்லை. 1989-ல் வந்த 'கிரெட்சன் கோஸ் டு நெப்ராஸ்கா'வுக்கும் 'டாக்மேனு'க்கும் பக்கத்தில் இதை வைக்க மாட்டேன். பன்னிரண்டு பாட்டில் நடுவில் இரண்டு மூன்று சுமார்தான். ஆனால் கடைசிப் பாட்டு 'எவ்ரி எவ்ரிவேர்' மூன்று குரல்களையும் ஒன்றாகக் கட்டி பீட்டில்ஸ் பக்கம் கொண்டுபோய் விடுகிறது. அந்த ஒரு பாட்டுக்காகவே பதினாலு வருஷத்தை மன்னிக்கலாம்.

"தமிழில் பாட்டே இல்லையா, மேல்நாட்டு மோகம்" என்று எழுத வருபவர்களுக்கு: ராஜா சார் பாட்டு இல்லாமல் எனக்கு ஒரு பஸ் பயணமும் கழியாது. அவர் பாட்டில் பேஸ் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போவதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுதான் ஹாஸ்டலில் பின்னிக்கையும் பிடித்துக்கொண்டது. ஒன்றைக் கேட்டால் இன்னொன்றுக்குத் துரோகம் என்பதெல்லாம் எனக்கு விளங்காத கணக்கு.

"அது வெறும் இரைச்சல்" என்பவர்களிடம்தான் எனக்கு நிஜமான சண்டை. சமீபத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண ரிசப்ஷன். மேடைக்குப் பக்கத்தில் ஆள் உயர ஸ்பீக்கர்கள், லைட் மியூசிக். பாடுகிறவர்கள் பாவம், நன்றாகத்தான் பாடினார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் எதிரே நிற்கும் மாமா, "மாப்ளே, சாப்பிட்டியா?" என்று கேட்பது வாயசைவில்தான் தெரிகிறது. வருஷக்கணக்கில் பார்க்காத அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லி அழுகிறார், என்ன சொல்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலையை ஆட்டினேன், வேறென்ன செய்ய? கைக்குழந்தைகள் வீறிட்டு அழுகின்றன. ஒலியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னால் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருக்கும் தம்பி, "கல்யாண வீடுண்ணா, அப்படித்தான் இருக்கும்" என்கிறார். நாலு மணி நேரம் இதைப் பொறுத்துக்கொள்ளும் அதே மாமா, என் காரில் ஏறியதும் கிங்ஸ் எக்ஸ் ஓடுவதைக் கேட்டு, "என்ன மாப்ளே இது, ஒரே சத்தம்" என்றார். கார் ஸ்டீரியோவில் ஒலி பாதி அளவுகூட இல்லை. எந்த மண்டபத்துக்காரராவது இதைப் படித்தால், பந்தி நடக்கும் இடத்திலாவது ஒரு ஸ்பீக்கரைக் குறையுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

எங்கேயோ போய்விட்டேன். உங்கள் நண்பருக்கு வருகிறேன். அவர் ரசிக்கும் குழு கிங்ஸ் எக்ஸாக இருக்க வாய்ப்பு குறைவு, வேறு ஏதோ ஒன்றாக இருக்கும். ஆனால் அவருக்கும் ஒரு ஜெர்ரி கேஸ்கில் இருப்பார், ஒரு பதினாலு வருஷம் இருக்கும். பெரிய நட்சத்திரங்களின் அடுத்த ஆல்பம் எப்படியும் வரும், கம்பெனிகள் விடாது. இந்த மாதிரிக் குழுக்களுக்கு வருமா என்பதே நிச்சயம் இல்லை. அடுத்த தடவை அவர் லிங்க் அனுப்பினால், எதற்காக இத்தனை வருஷம் காத்திருந்தாய் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் காலியாக இருக்கும் நாளாகப் பார்த்துக் கேளுங்கள்.

ஒருவேளை கிங்ஸ் எக்ஸையே கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றினால், புது ஆல்பத்தில் ஆரம்பிக்காதீர்கள். 'டாக்மேன்' முதலில், அப்புறம் 'கிரெட்சன்', மூன்றாவதாக இது. போன் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டவே வேண்டாம், பேஸ் ஒரு துளி கேட்காது. பிடிக்கவில்லையென்றால் திட்டுங்கள், பரவாயில்லை. ஆனால் முழுப் பாட்டையும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.