எழுப்புவதை எப்போது நிறுத்துவது?

ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் மகனுக்கு 18 வயது. இன்னும் பத்து மாதத்தில் படிப்புக்காக வெளியூர் போய்த் தனியாகத் தங்கப்போகிறான். காலையில் ஐந்து தடவை எழுப்பினால்தான் எழுந்திருக்கிறான். இரவு 1 மணிக்கு முன் தூங்குவதே இல்லை. துணி துவைப்பது, பையை அடுக்குவது, எந்தப் படிவத்துக்கு என்றைக்குக் கடைசி நாள் என்பது, எல்லாம் நான்தான். சொன்னால் செய்வான், சொல்லாவிட்டால் எதுவும் நடக்காது. விட்டுவிட்டால் என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?"

'சொன்னால் செய்வான்' என்கிறீர்கள். சிக்கல் இருப்பது அங்கேதான். எந்த வேலையிலும் மூன்று பங்கு உண்டு. செய்ய வேண்டும் என்பதை நினைவில் வைத்திருப்பது, செய்வது, செய்யாமல் விட்டால் வருவதை ஏற்பது. உங்கள் மகன் நடுப்பங்கை மட்டும் செய்கிறான். மற்ற இரண்டும் உங்கள் தலையில். தனியாகப் போனதும் அவன் திண்டாடப்போவதும் அந்த இரண்டில்தான். துணியை மிஷினில் எப்படிப் போடுவது என்பதை யாரும் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். இன்று போடாவிட்டால் நாளை உடுத்தத் துணி இருக்காது என்று தானாகத் தோன்றுவதற்கு மாதக்கணக்காகும். அதனால் பத்து வேலைகளைப் பாதிப் பாதியாகக் கொடுக்காதீர்கள். ஒன்றை, மூன்று பங்கும் சேர்த்து முழுதாகக் கொடுங்கள். அது நிலைத்த பிறகு அடுத்தது.

எழுந்திருப்பதிலிருந்தே தொடங்கலாம். தினமும் வீட்டில் மனம் கசப்பது அந்த நேரத்தில்தானே. ஆனால் அதற்கு முன்னால் அவன் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். இரவு தூக்கம் வராததற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. பருவ வயதில், உடலைத் தூக்கத்துக்குத் தயார்செய்யும் மெலடோனின் சுரப்பு இரவில் தாமதமாகவே தொடங்குகிறது. ஜெர்மன் ஆய்வாளர் டில் ரோன்னபெர்க் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தூங்கும் நேரம் இப்படித் தள்ளிப்போவது வயதோடு கூடிக்கொண்டே போய், பெண்களுக்குச் சுமார் 19½ வயதிலும் ஆண்களுக்கு ஏறக்குறைய 21 வயதிலும் உச்சத்தைத் தொடுகிறது. அப்புறம் மெல்ல இறங்குகிறது. உங்கள் மகன் அந்த ஏற்றத்தில் இருக்கிறான். இந்த வயதில் 8 மணி நேரத் தூக்கமாவது வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. 1 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுந்தால் கணக்கு எப்படிச் சரியாகும்? நீங்கள் எழுப்புவது சோம்பேறியை அல்ல, தூக்கம் போதாத ஒரு பிள்ளையை. இதை மனதில் வைத்துப் பேசினாலே குரல் மாறிவிடும்.

உடலின் கடிகாரத்தைக் கொஞ்சம் முன்னுக்கு இழுக்க முடியும். காலை வெளிச்சம் அதை முன்னே தள்ளும், இரவில் கண்ணுக்கருகே வரும் வெளிச்சம் பின்னே தள்ளும். எழுந்தவுடன் ஜன்னல் திரையை விலக்குவதும் சிறிது நேரம் வெளியே நிற்பதும் நிஜமாகவே பலன் தரும். விடுமுறை நாளில் மதியம் வரை தூங்கினால் அந்த வாரத்து முயற்சி வீண், ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினால் போதும். மாலைக் காபியையும் பாருங்கள். காஃபினில் பாதி உடலைவிட்டு வெளியேறவே சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது. போனை மட்டும் அவன் அறைக்கு வெளியே சார்ஜ் போடச் சொல்லுங்கள். நீங்களும் உங்கள் போனை அங்கேயே போட்டால் அவன் ஒத்துக்கொள்வான்.

இப்போது அந்த ஐந்து தடவை. 6 மணிக்கு அடுக்களையிலிருந்து முதல் குரல். 'ம்' என்ற பதில். 6.10-க்கு வாசலில் நின்று இரண்டாவது. 6.20-க்குக் குரல் உயர்கிறது. 6.30-க்கு நேற்றைய கோபமும் சேர்ந்து நான்காவது. 6.40-க்கு விளக்கைப் போட்டுப் போர்வையை இழுக்கிறீர்கள், எழுந்துவிடுகிறான். முதல் நான்கு குரலும் உண்மையானவை அல்ல, ஐந்தாவதுதான் உண்மை என்பதை அவன் கற்றுக்கொண்டுவிட்டான். கத்தினால்தான் நடக்கிறது என்பதை நீங்கள் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். குடும்பங்களில் இந்தச் சுழல் எப்படி இறுகுகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் ஜெரால்டு பேட்டர்சன் பல ஆண்டுகள் வீடுகளில் நேரில் கவனித்து விளக்கினார். இரு தரப்பும் அறியாமலே ஒருவரையொருவர் பழக்குகிறார்கள் என்பது அவர் கண்டது. எனவே யார் தவறு என்று தேடாதீர்கள்.

நிறுத்துவது எப்படி? காலையில் கோபத்தில் அறிவிக்க வேண்டாம். ஒரு மாலையில், இருவரும் நிதானமாக இருக்கும்போது சொல்லுங்கள்: "பத்து மாதம் கழித்து எழுப்ப நான் இருக்க மாட்டேன். வரும் ஒன்றாம் தேதியிலிருந்து எழுந்திருப்பது உன் பொறுப்பு. அதற்கு என்ன ஏற்பாடு செய்துகொள்ளப் போகிறாய்?" கடைசிக் கேள்வி முக்கியம், ஏற்பாடு அவனுடையதாக இருக்கட்டும். அலாரத்தைக் கைக்கெட்டாத தூரத்தில் வைப்பது நல்ல யோசனை, அதையும் அவன் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். தேர்வு இல்லாத மாதமாகப் பார்த்துத் தொடங்குங்கள். வீட்டில் மற்ற பெரியவர்களிடமும் முன்பே பேசிவிடுங்கள். நீங்கள் நிறுத்தியதும் பாட்டியோ அப்பாவோ பாவம் என்று மெதுவாகத் தட்டி எழுப்பினால் எல்லாம் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

முதல் வாரம் அவன் தாமதமாவான். நிச்சயம் ஆவான். அன்று காலை உங்களுக்குத்தான் ரொம்பக் கடினம். மூடிய கதவைப் பார்த்தபடி 7 மணி வரை நிற்பது எளிதில்லை, எத்தனையோ தாய்மார்கள் என்னிடம் அதைச் சொல்லி அழுதிருக்கிறார்கள். அந்த நேரத்தில் வெளியே ஒரு நடை போய்வாருங்கள். அவன் பதறிக்கொண்டு எழுந்து ஓடும்போது வண்டியில் கொண்டுபோய் விடாதீர்கள். 'சொன்னேனா இல்லையா' என்றும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் தாமதமாகப் போன வெட்கம் மறைந்து உங்கள் மேல் கோபம்தான் மிஞ்சும். மாலையில் வந்ததும் வழக்கம்போலப் பேசுங்கள். உதவியைக் குறைக்கிறீர்களே தவிர, அன்பைக் குறைக்கவில்லை என்பது அவனுக்குத் தெரிய வேண்டும்.

எழுந்திருப்பது ஓரளவு நிலைத்ததும் துணிக்கு வாருங்கள். முதல் இரண்டு தடவை அவன் அருகில் நில்லுங்கள். சட்டை, பேண்ட் பைகளைத் துழாவிப் பார்ப்பது, சாயம் போகும் துணியைத் தனியாக எடுப்பது, மிஷினைத் திணித்து நிரப்பாமல் மேலே இடம் விடுவது. மூன்றாம் தடவை அவனே செய்வான், துவைத்ததை எடுத்து உலர்த்த மறந்துவிடுவான். மறுநாள் காலையில் மூடியைத் திறந்தால் ஈரவாடை அடிக்கும். அவனுக்கு முன் ஓடிப்போய் அந்தத் துணிகளை எடுத்து உலர்த்தாதீர்கள். அந்த வாடையை அவன் மூக்கு உணரட்டும். 'திரும்ப ஒரு தடவை ஓட்ட வேண்டுமா?' என்று வந்து கேட்டால், 'ஆமாம்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போல உதவ வேண்டும் என்ற உவமையை டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் 1976-இல் எழுதினார்கள். சுவர் நின்றதும் சாரத்தைப் பிரிக்க வேண்டும். பிரிக்கத் தயங்கும்போது, அது சுவருக்காகவா நம் மனதுக்காகவா என்று கேட்டுப் பார்க்கலாம்.

எத்தனை நாளில் பழகும்? 21 நாள் என்று பலரும் சொல்வார்கள், அதை நம்பி ஏமாற வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் செய்த ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் படிய நடுவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆக, ஒரு வேலைக்கு இரண்டு மாதம் என்று வைத்தால் உங்களிடம் ஐந்து வேலைகளுக்கு நேரம் இருக்கிறது. எழுந்திருப்பது, துணி, பணம், உடம்பைப் பார்த்துக்கொள்வது, படிவங்களும் கெடு தேதிகளும். எளிய சமையலை நடுவே சேர்த்துக்கொள்ளலாம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கேட்கும்போதெல்லாம் கொடுப்பதை நிறுத்தி, முதலில் வாரத்துக்கு ஒரு தொகை, பிறகு மாதத்துக்கு ஒரு தொகை கொடுங்கள். 20-ஆம் தேதியே தீர்ந்துபோனால் இடையில் நிரப்ப வேண்டாம். போனில் வரும் ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்பதை மட்டும் பலமுறை சொல்லுங்கள்.

உடம்பு விஷயத்தில் அப்படி 'பட்டுத் தெரிந்துகொள்ளட்டும்' என்று விட முடியாது, கற்றுக்கொடுத்தே அனுப்ப வேண்டும். அடுத்த தடவை மருத்துவரிடம் போகும்போது அவனே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்தத் தடுப்பூசி போட்டது என்பது அவன் போனில் எழுதியிருக்கட்டும். காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால், பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ஈரல் கெடும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் அதே மருந்து இருப்பதால் இரண்டையும் சேர்த்துப் போட்டு அளவு மீறுவது சுலபம். அட்டையைத் திருப்பிப் படிக்கும் பழக்கத்தை இப்போதே உண்டாக்குங்கள்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் விருப்பமில்லாமல் இருப்பது, நண்பர்களை ஒதுக்குவது, சாப்பாடும் தூக்கமும் தலைகீழாக மாறுவது, வாழ்ந்து என்ன பயன் என்பதுபோல ஒரு பேச்சு, இவற்றில் எது இருந்தாலும் பொறுப்பைக் கைமாற்றும் வேலையை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கடைசியாகச் சொன்னது இருந்தால் அன்றே பாருங்கள், அவனைத் தனியாக விடாதீர்கள். அது சோம்பலல்ல, நோயாக இருக்கலாம். சிகிச்சை உண்டு.

அவன் போன பிறகு தினமும் காலையில் போன் செய்து எழுப்பத் தோன்றும். செய்யாதீர்கள். பேசுவதற்கு ஒரு மாலை நேரத்தை இருவருமாக முடிவுசெய்துகொள்ளுங்கள். நடுவில் அவனே கூப்பிட்டு, "அம்மா, வெள்ளைச் சட்டையில் சாயம் ஒட்டிவிட்டது, என்ன செய்ய?" என்று கேட்டால் தெரிந்ததை எல்லாம் சொல்லுங்கள்.