ஜி.பி.ஏ., அதாவது கல்லூரி மதிப்பெண் சராசரி, 4க்கு 2.8தான் இருக்கிறது. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் இதைச் சரிசெய்ய வழி உண்டா?

உயிரியல் இறுதியாண்டு, 2.8, வருகிற ஜூனிலேயே விண்ணப்பித்துவிடலாமா, சி வாங்கிய பாடங்களைத் திரும்ப எடுப்பதா, மாஸ்டர்ஸ் சேர்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பட்டம் வாங்கும்போது 2.7. இப்போது ஒரு டி.ஓ. கல்லூரியில், அதாவது ஆஸ்டியோபதி வழியில் மருத்துவர் பட்டம் தரும் கல்லூரியில், மூன்றாம் ஆண்டு. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். 120 கிரெடிட், 2.7 என்றால் 324 புள்ளி. பட்டத்துக்கு அப்புறம் ஒன்றரை வருடம், போஸ்ட்-பேக்காக 36 கிரெடிட் அறிவியல் பாடங்கள் எடுத்தேன். ஒன்று விடாமல் ஏ, அதாவது ஒரு கிரெடிட்டுக்கு 4 புள்ளி. அதில் 144 புள்ளி. 468ஐ 156ஆல் வகுத்தால் 3.0. அவ்வளவு பாடுபட்டு ஏறியது வெறும் 0.3! எக்ஸெல்லில் அந்த எண்ணைப் பார்த்த இரவு, அம்மா மூடிவைத்திருந்த தயிர்சாதத்தை அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன். அமெரிக்காவின் வழக்கமான மருத்துவர் பட்டமான எம்.டி. தரும் கல்லூரிகளில் சேர்கிறவர்களின் சராசரியே 3.8ஐ ஒட்டி இருக்கிறது. கூட்டிக் கழித்து அந்த இடத்துக்கு நம்மால் போக முடியாது.

ஆனால் விண்ணப்பத்தைப் படிக்கிறவர் கையில் இருப்பது அந்த ஒரே எண் இல்லை. எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸ், உங்கள் மதிப்பெண்களை ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வரியாகப் பிரித்துக் காட்டும். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கும் சேர்ந்து ஒரு கட்டம், மற்ற பாடங்கள் ஒரு கட்டம். போஸ்ட்-பேக்குக்குத் தனி வரி. என் தாளில் இரண்டாம் ஆண்டு வரி 2.3, போஸ்ட்-பேக் வரி 4.0. நீங்கள் சம்பாதிக்க வேண்டியது அந்தக் கடைசி வரியைத்தான். மொத்தம் 3.0ஐத் தொட்டால் நல்லது, சில இடங்களில் அதற்குக் கீழே இருந்தால் யாரும் படிப்பதற்கு முன்பே வடிகட்டிவிடுகிறார்கள்.

சி வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுப்பது பற்றி: பழைய மதிப்பெண் அழியாது. ஆம்காஸ் இரண்டையுமே கணக்கில் சேர்க்கும். டி.ஓ. கல்லூரிகளின் விண்ணப்பத்தில் முன்பு புதிய மதிப்பெண் பழையதை மாற்றிவிடும். 2017இல் அதை நிறுத்திவிட்டார்கள். அந்தக் காலத்து அறிவுரை இன்னும் இணையத்தில் சுற்றுகிறது, நம்பி ஏமாறாதீர்கள். சி மைனஸும் அதற்குக் கீழேயும் வாங்கிய கட்டாயப் பாடங்களை மட்டும் திரும்ப எடுங்கள். சி என்றால் விட்டுவிட்டு உயிர்வேதியியல், உடலியங்கியல், செல் உயிரியல் என்று மேலே போய் ஏ வாங்குங்கள்.

மாஸ்டர்ஸ் மதிப்பெண் இளநிலை ஜி.பி.ஏ.யில் சேரவே சேராது, அதற்கும் தனி வரிதான். இதற்கென்றே எஸ்.எம்.பி. (ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் புரோகிராம்) என்று ஒரு வகை இருக்கிறது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் 1975இலேயே தொடங்கியது. முதலாண்டு மருத்துவ மாணவர்கள் படிக்கும் அதே பாடங்களைப் படித்து, அவர்களோடு ஒப்பிடப்படுவீர்கள். நன்றாகச் செய்தால் வேறு சாட்சி தேவையில்லை. அங்கேயும் பி, சி வாங்கினால் கதை முடிந்தது. கட்டணத்தைக் கேட்டால் தலை சுற்றும். முதலில் போஸ்ட்-பேக், அது போதாவிட்டால் மட்டும் இது.

டெக்சஸ்வாசிகளுக்கு மட்டும் ஒரு விசித்திரமான கதவு உண்டு. அகடமிக் ஃப்ரெஷ் ஸ்டார்ட் என்ற மாநிலச் சட்டப்படி, பத்து வருடத்துக்கு முந்தைய படிப்பைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம் என்று கேட்கலாம். கெட்டதோடு நல்லதும் போய்விடும். உங்கள் வயதுக்கு இது உதவாது, படிக்கிற வேறு யாருக்காவது உதவலாம்.

இதையெல்லாம் விட முக்கியமானது, அந்த 2.8 ஏன் வந்தது என்பது. நான் பத்தாம் வகுப்பு வரை திருச்சியில் படித்தவன். படிப்பு என்றால் எனக்கு மனப்பாடம்தான். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி புத்தகத்தில் மஞ்சள் மார்க்கர் படாத வரியே கிடையாது. பரீட்சையில் 41. தெரிந்த வினைதான், ஆனால் ஒரு மெத்தில் தொகுதியை இடம் மாற்றிக் கேட்டிருந்தார்கள், கை ஓடவில்லை. போஸ்ட்-பேக்கில் மார்க்கரைத் தொடவில்லை. அப்பாவுக்கு வரும் விளம்பரக் கடித உறைகளைக் கிழித்து, வெற்றுப் பக்கத்தில் எலக்ட்ரான் அம்புகளை ஒன்றும் பார்க்காமல் போட்டுப் பார்ப்பேன். தப்பினால் அடுத்த உறை. பேராசிரியரின் ஆஃபீஸ் ஹவர்ஸுக்கு வாராவாரம் போனேன். முதல் நான்கு வருடத்தில் ஒரு தடவைகூடப் போனதில்லை, கேட்டால் மட்டம் தட்டுவாரோ என்ற பயம். உங்கள் காரணம் வேறாக இருக்கலாம்: வேலை, வீடு, உடம்பு, மனசு. அது மாறாமல் போஸ்ட்-பேக்கில் சேர்ந்தால் இன்னொரு 2.8தான் வரும்.

எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வையும் அதற்கு அப்புறம் வையுங்கள். 472 முதல் 528 வரை மதிப்பெண், எம்.டி.யில் சேர்கிறவர்களின் சராசரி 512 பக்கம். எழுதிய எல்லா முறையும் கல்லூரிக்குத் தெரியும், அதனால் சும்மா எழுதிப் பார்க்கிற தேர்வு இல்லை அது.

ஆக, இந்த ஜூன் வேண்டாம். காட்டுவதற்கு உங்களிடம் இன்னும் எதுவும் இல்லை, பணமும் போகும், அடுத்த முறை மறுவிண்ணப்பக்காரர் என்ற பெயரும் சேரும். டி.ஓ.வையும் ஒதுக்காதீர்கள். ஐம்பது மாநிலத்திலும் முழு மருத்துவ உரிமம் கிடைக்கும். சித்தி மட்டும் இன்னும் “அது எலும்பு வைத்தியமாப்பா?” என்று கேட்கிறார்.

என் நேர்காணலில் ஒரு வயதான மருத்துவர் பென்சிலால் அந்த 2.3ஐத் தட்டி, “இங்கே என்ன ஆயிற்று?” என்றார். பெரிய கதையாகத் தயார்செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இவ்வளவுதான்: “மனப்பாடம் செய்தேன். உதவி கேட்கவில்லை. அப்புறம் இரண்டையும் மாற்றினேன்.” அவர் பென்சிலைக் கீழே கொண்டுவந்து 4.0 வரியில் நிறுத்தினார். “உயிர்வேதியியலை எப்படிப் படித்தீர்கள்?” என்று கேட்டார். மீதி நேரம் முழுக்க உறைகளைப் பற்றித்தான் பேசினோம்.