அகலமான முன்பாதம், ஒல்லிக் குதிகால், நீண்ட இரண்டாம் விரல்: இந்தக் காலுக்குப் பாறையேறும் ஷூ கிடைக்குமா?

கேள்வி இதுதான்: என்னுடையது விநோதமான கால். முன்பாதம் அகலம், குதிகால் ஒல்லி, இரண்டாவது விரல் கட்டைவிரலைவிட நீளம். எந்தக் கிளைம்பிங் ஷூவைப் போட்டாலும் முன்னால் நசுக்குகிறது, ஒரு சைஸ் ஏற்றினால் பின்னால் கழன்று வருகிறது. என்ன வாங்கலாம்?

கிடைக்கும். எனக்கும் கிட்டத்தட்ட இதே கால்தான். பெங்களூரில் இருக்கிறேன். வேலை நாட்களில் செயற்கைச் சுவர், லீவு கிடைத்தால் ராமநகரா பாறைகள், குளிர்காலத்தில் பாதாமி பாறைகள் என்று ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன். ஷூ விஷயத்தில் என் பதில் ஒன்றே ஒன்று: நம்பரை விட்டுவிட்டு அச்சைப் பாருங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்த ஷூவும் லாஸ்ட் எனப்படும் கால் வடிவ அச்சின் மேல்தான் உருவாகிறது. முனை எவ்வளவு கூர்மை, புறங்கால் பக்கம் எவ்வளவு உயரம், குதிகால் உட்காரும் குழி எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் அந்த அச்சில் முடிவாகிவிடும். பெட்டியின் மேல் போட்டிருக்கும் 41, 42 என்ற எண் நீளத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. ஐரோப்பிய அளவில் ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் சுமார் 6.7 மி.மீ. வித்தியாசம். நாம் கடையில் சொல்லும் யூகே அளவில் அது சுமார் 8.5 மி.மீ. இரண்டு அளவுகோலும் ஒன்றோடொன்று நேராக ஒட்டாது. அதனால்தான் அளவு மாற்று அட்டவணை கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. சைஸ் ஏற்றினால் அகலமும் கொஞ்சம் கூடும், உண்மைதான். ஆனால் நீளமும் குதிகால் குழியும் சேர்ந்தே பெரிதாகும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

"விநோதமான கால்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. லா ஸ்போர்டிவாவும் ஸ்கார்பாவும் இத்தாலி, டெனாயாவும் போரியலும் ஸ்பெயின். அங்கே வரையும் அச்சு அங்கே பார்த்த கால்களை வைத்துத்தானே வரும்? 2009இல் வெளியான ஓர் ஆய்வில், வெறுங்காலோடு நடந்தே பழகிய தென்னிந்தியர்களின் பாதங்களைச் செருப்பு போடும் இந்தியர்களோடும் மேற்கத்தியர்களோடும் ஒப்பிட்டார்கள். வெறுங்காலில் நடப்பவர்களின் முன்பாதம் அகலமாக இருந்தது. சின்ன வயதில் செருப்பில்லாமல் தெருவெல்லாம் சுற்றிய கால் விரிந்துதான் இருக்கும். அது நல்ல கால்.

வாங்குவதற்கு முன் ஒரு சாயங்காலம் ஒரு வெள்ளைத் தாளின் மேல் நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு பாதங்களையும் வரைந்துகொள்ளுங்கள். காலையில் வேண்டாம், பகல் முழுக்க நடந்த பிறகு பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும். பாதாமி வெயிலில் உங்கள் கால் இருக்கப்போவது அந்த அளவில்தான். தாளில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். விரல் நுனிகளைச் சேர்த்துக் கோடு போட்டால் உச்சி எந்த விரலில் வருகிறது? கட்டைவிரல் மூட்டிலிருந்து சுண்டுவிரல் மூட்டு வரை எத்தனை மி.மீ.? இடது பெரிதா, வலது பெரிதா? பல பேருக்கு இரண்டு பாதமும் ஒரே அளவில் இருக்காது. ஷூவைப் பெரிய காலுக்கு எடுத்துவிட்டு, சின்னக் காலுக்கு மெல்லிய சாக்ஸ் போட்டுச் சமாளிக்கலாம். வித்தியாசம் ஒரு முழு சைஸுக்கு மேல் போனால் வேறு வழியில்லை, இரண்டு ஜோடி வாங்க வேண்டியதுதான். உங்களுக்கு நேரெதிரான காலோடு யாராவது கிடைத்தால் பங்கு போட்டுக்கொள்ளலாம், அந்த அதிர்ஷ்டம் எனக்கு வாய்க்கவில்லை.

இப்போது அந்த நீண்ட இரண்டாம் விரல். கிரேக்கப் பாதம் என்றும் மார்ட்டன் டோ என்றும் சொல்வார்கள். அமெரிக்க மருத்துவர் டட்லி மார்ட்டன் எழுதியதால் வந்த பெயர். நோய் இல்லை, அமைப்பு. பாறையேறும் ஷூக்களில் பலவும் கட்டைவிரல் பக்கமாக வளைந்து, அங்கேயே கூராக முடியும். உடல் எடை முழுவதையும் கட்டைவிரலின் மேல் குவித்துப் பாறையின் சின்ன விளிம்பில் நிற்பதற்காக அந்த வளைவு. கட்டைவிரல் நீளமானவர்களுக்கு அது வரம். நமக்கோ, கட்டைவிரல் முனைக்குப் போய்ச் சேரும் முன்பே இரண்டாம் விரல் ஷூவின் முன்பக்கத்தில் முட்டிக்கொண்டு மடங்கிவிடும். மடங்கிய கணு மேலே எழும்பி ரப்பரில் உராயும். போட்டுப் பார்க்கும்போது ஷூவின் மேல் பக்கத்தை நன்றாகக் கவனியுங்கள். இரண்டாம் விரலின் கணு மட்டும் தனியாகப் புடைத்துத் தெரிந்தால் அந்த ஷூ வேண்டாம். எல்லாக் கணுக்களும் ஒரே வரிசையாக, மெல்லிய மேடு போலத் தெரிந்தால் சரி.

இங்கே ஒரு விநோதம் உண்டு. முற்றிலும் தட்டையான ஷூதான் நம் காலுக்குச் சுகம் என்று கடைக்காரர் சொல்வார். பாதி உண்மை. விரல்கள் நீட்டிப் படுத்திருக்கும் ஷூவில் இரண்டாம் விரலுக்கு இடம் கொடுத்தால் கட்டைவிரல் முன்னால் காலியாகிவிடும், காலியான முனையோடு சின்ன விளிம்பில் நிற்க முடியாது. விரல்கள் லேசாக மடங்கி உட்காரும் ஷூவில் இரண்டாம் விரல் கொஞ்சம் அதிகமாக மடங்கி, நீள வித்தியாசம் பாதி மறைந்துவிடும். ஆகவே முனை லேசாகக் கீழ்நோக்கி வளைந்த வடிவம், அதிகம் ஒரு பக்கம் சாயாத முனை, கணுக்களுக்கு மேலே கொஞ்சம் உயரம். இந்த மூன்றும் சேர்ந்த ஷூவைத் தேடுங்கள்.

குதிகாலுக்குச் சோதனை சுலபம். ஷூவை இறுக்கிவிட்டு, குதிகாலைத் தரையில் ஊன்றி அழுத்துங்கள். புஸ் என்று காற்று வெளியேறும் சத்தம் கேட்டால் உள்ளே வெற்றிடம் இருக்கிறது. ஹீல் ஹூக் போட்டு, அதாவது குதிகாலைப் பாறையில் கொக்கி போல மாட்டி இழுக்கும்போது அந்த வெற்றிடம்தான் ஷூவைக் கழற்றிவிடும். ஒரு நண்பரை விட்டு ஷூவின் பின்பக்கத்தைப் பிடித்துக் கீழே இழுக்கச் சொல்லியும் பார்க்கலாம். அதே சமயம் ஷூவின் பின்விளிம்பு, குதிகாலுக்கு மேலே உள்ள பெரிய தசைநாரை அறுப்பது போல அழுத்தினாலும் வேண்டாம், அது நாள் போகப் போகச் சரியாகும் ரகம் இல்லை.

ஒல்லிக் குதிகால் உள்ள ஆண்கள் பெண்களுக்கான மாடலைப் போட்டுப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம். அவற்றில் பல, அதே ஷூவின் கொள்ளளவு குறைந்த வடிவம்தான்: குதிகால் சிறியது, புறங்கால் தாழ்வு. சில கம்பெனிகள் இப்போது ஆண், பெண் என்ற பெயரையே எடுத்துவிட்டு எல்வி (லோ வால்யூம், அதாவது கொள்ளளவு குறைந்தது) என்று மட்டும் போடுகின்றன. அதேபோல, கால் அகலமான பெண்கள் சாதாரண மாடலை எடுக்கலாம். நிறமும் மாறும், ஆனால் பாறைக்கு அது தெரியாது.

தோலா செயற்கையா என்பதும் முக்கியம். உள்ளே துணி ஒட்டாத தோல் ஷூ, பழகப் பழக ஒரு சைஸ் அளவுக்குக்கூட விரியும். துணி ஒட்டிய தோல் குறைவாக விரியும், செயற்கைப் பொருள் மிகக் குறைவு. நம்மைப் போன்ற காலுக்குத் துணி ஒட்டாத தோல்தான் நண்பன், ஏனென்றால் எந்த இடத்தில் அழுத்தம் அதிகமோ அங்கேதான் அது இளகும். ஆனால் விரலைச் சுற்றி ஓடும் ரப்பர்ப் பட்டை லேசில் விரியாது. தோல் நெகிழும், ரப்பர் நெகிழாது என்பதை நினைவில் வைத்து, ரப்பர் படும் இடங்களில் முதல் நாளே வலி இல்லாத ஷூவாக எடுங்கள். வெந்நீரில் நனைத்துப் போட்டுக்கொள், ஹேர் டிரையரைக் காட்டு என்றெல்லாம் யோசனை சொல்வார்கள். சூடு அதிகமானால் அடிப்பகுதிப் பசை விட்டுவிடும். வெயிலில் நிற்கும் காரின் பின்சீட்டில் ஷூவைப் போட்டு வைப்பதும் அதே கேடுதான். வீட்டில் சாயங்காலம் அரை மணி நேரம் போட்டுக்கொண்டு டிவி பாருங்கள், அது போதும். உள்ளே நுழையவே கஷ்டமாக இருந்தால் காலில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு நுழைத்து, பிறகு பையை உருவிவிடுங்கள்.

வலியைப் பற்றி ஒரு வார்த்தை. "வலிக்காத ஷூவில் ஏற முடியாது" என்பதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. இறுக்கம் வேறு, வலி வேறு. ஷூவைக் கழற்றி நெடுநேரம் ஆகியும் விரல்களுக்கு நடுவே மரத்துப்போயிருந்தாலோ, கட்டைவிரல் மூட்டுப் புடைப்பு நாளுக்கு நாள் வளர்ந்தாலோ, அது பழக்கம் பத்தாத வலி இல்லை. எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

எங்கே போட்டுப் பார்ப்பது என்பதுதான் நம் ஊரில் பெரிய சிக்கல். டெகாத்லான் கடைகளில் அவர்களுடைய சிமோண்ட் பிராண்டு ஷூ கிடைக்கும், போட்டுப் பார்த்து வாங்கலாம். மற்றவை பெரும்பாலும் ஆன்லைன், அல்லது வெளிநாட்டிலிருந்து வருகிறவரிடம் சொல்லிவிடுவது. ஆகவே சுவருக்கு வருகிறவர்களின் ஷூவைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள். நாற்றத்தைப் பொருட்படுத்தக்கூடாது. குளிர்காலத்தில் பாதாமிக்கும் ஹம்பிக்கும் வெளிநாட்டு ஏறிகள் நிறைய வருவார்கள், இங்கே கடையில் பார்க்கவே முடியாத மாடல்கள் அவர்கள் காலில் இருக்கும். கேட்டால் பெரும்பாலும் கழற்றித் தருவார்கள்.

பெயர் சொல்லுங்கள் என்பீர்கள். எவோல்வ் ஷூக்கள் பொதுவாக முன்பக்கம் தாராளமானவை. கொரியாவின் பியூட்டோரா, ஆக்ரோ என்ற மாடலை அகலக் காலுக்கு ஒன்று, ஒல்லிக் காலுக்கு ஒன்று என்று இரண்டு அகலத்தில் கொண்டுவந்தது. செங்குத்தைத் தாண்டிச் சாயும் சுவரில் ஏறுகிறவர் என்றால் ஸ்கார்பா இன்ஸ்டிங்க்ட் விஎஸ் போட்டுப் பாருங்கள், விரல் பகுதி ஓரளவு விசாலம். லா ஸ்போர்டிவா மியூரா நல்ல ஷூதான், ஆனால் அதன் முனை சாய்வு நம் இரண்டாம் விரலுக்கு ஒத்துவரவில்லை.

ஒரே ஒரு ஜோடிக்குத்தான் பணம் என்றால் லா ஸ்போர்டிவா மித்தோஸ். பழைய மாடல், பார்க்கவும் அப்படித்தான் இருக்கும். துணி ஒட்டாத தோல். லேஸ் முன்னால் மட்டும் நிற்காமல் குதிகாலைச் சுற்றியும் ஓடும். முன்னால் தளர்த்திவிட்டுப் பின்னால் இறுக்கும் வசதி உங்கள் காலுக்கென்றே செய்தது போல இருக்கும். ராமநகரா, சாவனதுர்கா மாதிரி உராய்வை நம்பி நிற்கும் கிரானைட்டில் அதன் மென்மை உதவும். கூரை மாதிரித் தொங்கும் பாறைக்கு ஆகாது. விரியும் என்பதால் கொஞ்சம் இறுக்கமாகவே எடுங்கள். லேஸைக் கீழ்த்துளையிலிருந்து ஒவ்வொன்றாகத் தளர்த்தி, காலை உள்ளே விட்டு, குதிகாலை நன்றாக உட்காரவைத்த பிறகு கீழிருந்து மேலாக இறுக்குங்கள். முதல் சில வாரங்கள் பாதத்தில் சாயம் ஒட்டும், சோப்பு போட்டால் போய்விடும்.