பிரவுசரை மாற்றினால் போதுமா? கேள்வி-பதில்

பிரைவசிக்காக குரோமை விட்டு வேறு பிரவுசருக்கு மாறலாம் என்றிருக்கிறேன். சிறந்தது எது?
– ஈரோடு வாசகர்

எந்த போன், எந்தக் கணினி என்று ஒரு வரி சேர்த்து எழுதக் கூடாதா? விண்டோஸ், ஆண்ட்ராய்டு என்றால் ஃபயர்ஃபாக்ஸ். கணினியில் நிறுவியதும் செட்டிங்ஸில் டிராக்கிங் பாதுகாப்பை 'ஸ்ட்ரிக்ட்' நிலைக்கு மாற்றிவிடுங்கள். ஐபோன் என்றால் சஃபாரியிலேயே இருங்கள். நம் நாட்டில் ஐபோனுக்குக் கிடைக்கும் எந்தப் பிரவுசருக்குள்ளும் ஓடுவது ஆப்பிளின் வெப்கிட் என்ற இன்ஜின்தான். சஃபாரி 2020 முதலே மூன்றாம் தரப்பு குக்கிகளை (நீங்கள் திறந்த தளம் அல்லாத பிறர், உங்களைப் பின்தொடர பிரவுசரில் போட்டுவைக்கும் குறிப்புகளை) முழுதாகத் தடுக்கிறது. செட்டிங்ஸ் பக்கம் போகவே அலுப்பு என்பவர்களுக்கு, டிராக்கிங்கைத் தானாகவே தடுக்கும் பிரேவ். அதிலுள்ள கிரிப்டோ வாலட், ரிவார்ட்ஸ் சமாச்சாரங்களை முதல் நாளே மறைத்துவிடலாம். எதுவானாலும் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தோ ஸ்டோரிலிருந்தோ மட்டும் இறக்குங்கள். தேடலில் முதலில் வந்து நிற்கும் விளம்பர லிங்க் வேண்டவே வேண்டாம்.

பழைய பாஸ்வேர்டுகளும் புக்மார்க்குகளும் போய்விடுமா?
– நாகர்கோவில் வாசகி

போகாது. புக்மார்க்குகளை இம்போர்ட் வசதியே எடுத்துக்கொள்ளும். பாஸ்வேர்டுகளை சி.எஸ்.வி. கோப்பாக இறக்கி ஏற்ற வேண்டியிருக்கலாம். அந்தக் கோப்பில் உங்கள் பாஸ்வேர்டுகள் அத்தனையும் எந்தப் பூட்டும் இல்லாமல் வெறும் எழுத்தாகக் கிடக்கும். வேலை முடிந்த கையோடு அழித்துவிடுங்கள், ரீசைக்கிள் பின்னிலிருந்தும்தான். 'பத்திரமாக இருக்கட்டும் என்று எனக்கே மெயிலில் அனுப்பிக்கொண்டேன்' என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். பத்திரம்!

போன இடங்களைப் பதிந்துவைக்காத இன்காக்னிட்டோ விண்டோ குரோமிலேயே இருக்கும்போது மாறுவானேன்?
– கோவை வாசகர்

வீட்டிலிருப்பவர்களிடம் மறைக்க அது போதும். நீங்கள் போகும் தளங்களிடமும் இன்டர்நெட் தரும் நிறுவனத்திடமும் மறைக்காது. இதற்காகவே அமெரிக்காவில் 2020-இல் தொடரப்பட்ட வழக்கில், கோடிக்கணக்கான பதிவுகளை அழிப்பதாக 2024-இல் கூகுள் ஒப்புக்கொண்டது.

பிரைவசிக்காக ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறி, பதினான்கு எக்ஸ்டென்ஷன்களும் (பிரவுசரில் சேர்க்கும் குட்டி நிரல்கள்) போட்டுவிட்டேன். இன்னும் என்ன சேர்க்கலாம்?
– திருநெல்வேலி வாசகர்

சேர்ப்பதா? பதின்மூன்றை எடுங்கள்.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் இலவச வி.பி.என்., கூப்பன் தேடுவது, பி.டி.எஃப். மாற்றுவது எல்லாம் இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை 'எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவை அணுக' அனுமதி கேட்டிருக்கும். படிக்காமல் 'சரி' என்று தட்டியிருப்பீர்கள். வங்கிப் பக்கம் உட்பட நீங்கள் திறக்கும் எதையும் அந்த எக்ஸ்டென்ஷன் படிக்கலாம், மாற்றலாம் என்பதே அதன் பொருள். வாசலுக்கு ஒன்றுக்குப் பத்தாகப் பூட்டு வாங்கிவிட்டு, சாவிகளை எல்லாம் பூட்டு விற்றவரிடமே விட்டுவந்திருக்கிறீர்கள்.

'பாதுகாப்பு' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம். எந்தத் தளத்தை நம்பலாம் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்த வெப் ஆஃப் டிரஸ்ட் என்ற எக்ஸ்டென்ஷன், தன் பயனாளர்கள் எங்கெங்கே போனார்கள் என்ற விவரத்தைப் பிறருக்குக் கொடுத்துவந்ததை, ஜெர்மனியின் என்.டி.ஆர். ஒளிபரப்பு நிறுவனம் 2016-இல் அம்பலப்படுத்தியது. டிராக்கிங்கைத் தடுப்பதாகச் சொன்ன அவாஸ்ட், எக்ஸ்டென்ஷன் வழியே திரட்டியதை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் மூலம் விற்றது. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024-இல் ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் கட்ட வைத்தது.

இன்று நல்லதாக இருப்பது நாளையும் அப்படியே இருக்கும் என்றும் சொல்வதற்கில்லை. குரோமில் இருபது லட்சம் பேர் நம்பி வைத்திருந்த கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷன் 2020-இல் வேறொருவர் கைக்குப் போனது. மறு பிப்ரவரியில் அதில் தீங்கான நிரல் இருப்பதாகக் கூறி கூகுள் முடக்கியது. கைமாறிய செய்தி அதை வைத்திருந்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

போதாததற்கு, திரை அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம் போன்ற விவரங்களைக் கோத்துப் பார்த்தே, குக்கி இல்லாமல் ஒருவரை அடையாளம் காண வழியிருக்கிறது. விசித்திரமான எக்ஸ்டென்ஷன் கலவை அந்த வேலையை இன்னும் சுலபமாக்கும்.

விளம்பரங்களையும் டிராக்கர்களையும் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் ஒன்று போதும். 'ஆரிஜின்' என்று இருக்கிறதா பாருங்கள். அது இல்லாத யூபிளாக் வேறு ஆட்களுடையது. கேட்கும் அனுமதியைப் படித்துவிட்டு நிறுவுங்கள்.

மாறிய பிறகும் பிரஷர் குக்கர் விளம்பரம் விடாமல் துரத்துகிறதே?
– வேலூர் வாசகி

புதிய பிரவுசரில் முதல் வேலையாக ஜிமெயிலில் லாகின் செய்து, அங்கேயே யூடியூப், கூகுள் தேடல் எல்லாம் ஓட்டினால் கூகுளுக்கு என்ன வித்தியாசம்? ஜிமெயிலுக்குத் தனி ப்ரொஃபைல் வையுங்கள், தேடலை டக்டக்கோவுக்கு மாற்றுங்கள். லாகின் செய்த இடத்தில் ஒளிந்துகொள்ள முடியாது. எழுதி எழுதி அலுத்துவிட்டது.

ஃபயர்ஃபாக்ஸைத் தரும் மொஸில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் தருவதாமே?
– மதுரை வாசகர்

உண்மைதான். கூகுளை இயல்பான தேடுபொறியாக வைத்திருப்பதற்கான பணம் அது. மொஸில்லா புனிதம் என்று நானும் சொல்லவில்லை. 2024-இல் விளம்பர அளவீட்டு வசதி ஒன்றைக் கேட்காமலே ஆன் செய்துவைத்து வாங்கிக் கட்டிக்கொண்டது. ஆனால் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் இன்னொரு தளம் தொடாதபடி 2022 முதல் தானாகவே பிரித்துவைப்பதும் அதே ஃபயர்ஃபாக்ஸ்தான். மூன்றாம் தரப்பு குக்கிகளை இரண்டே ஆண்டில் ஒழிப்பதாக 2020-இல் முழங்கிய கூகுளோ, 2024-இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது.

ஜோஹோவின் உலா பிரவுசர் எப்படி?
– சென்னை வாசகர்

தாராளமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். 2023-இல் வந்தது, மத்திய அரசின் பிரவுசர் போட்டியில் 2025-இல் முதல் பரிசு பெற்றது. அடித்தளம் குரோமுக்கும் அடிப்படையான குரோமியம் என்பதால் தளங்கள் தகராறு செய்வது குறைவு. உள்ளூர்த் தயாரிப்பு என்பதற்காகச் செட்டிங்ஸைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

'ஸ்ட்ரிக்ட்' வைத்ததும் வங்கித் தளம் திறக்கவில்லை.
– தஞ்சாவூர் வாசகர்

முகவரிப் பட்டையில் உள்ள கேடயச் சின்னத்தைத் தட்டி, அந்தத் தளத்துக்கு மட்டும் அணையுங்கள். மொத்தமாக அணைத்துவிட்டு மறந்துபோக வேண்டாம்.

இருப்பிடத்தை மறைக்கும் டோர் பிரவுசரில் நெட்பேங்கிங் செய்தால் முழுப் பாதுகாப்புதானே?
– சேலம் வாசகர்

செய்யாதீர்கள். உங்கள் இணைப்பு மூன்று கணினிகளைச் சுற்றி ஏதோ ஒரு நாட்டிலிருந்து வெளியே வரும். வங்கி சந்தேகப்பட்டுக் கணக்கை முடக்கினால் கிளைக்கு அலைய வேண்டியவர் நீங்கள்தான். அதுவும் போகட்டும், பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போன பிறகு வங்கியிடம் எதை மறைக்கப் போகிறீர்கள்?