நன்றி சொல்லப் போனால் அழுகை வருகிறது என்ற சகோதரிக்கு

"அண்ணி வேலையை விட்டுட்டு வந்து என்னைப் பார்த்துக்கிறாங்க, நன்றி சொல்லப் போனா அழுகைதான் வருது"ன்னு எழுதியிருந்தீங்க.

எனக்கும் மார்பகப் புற்றுநோய்தான்மா, 21 நாளுக்கு ஒரு கீமோ. வாய்ப்புண்ணால எதுவும் இறங்காதப்ப, என் நாத்தனார் தயிர்சாதத்தை மிக்ஸியில அடிச்சு ஸ்பூன்ல ஊட்டுவாங்க. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டா உடனே ஆஸ்பத்திரின்னு டாக்டர் சொன்னதால, ராத்திரியெல்லாம் தெர்மாமீட்டரும் கையுமா முழிச்சிருப்பாங்க. ஒருநாள் அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பேச்சே வரலை. அவங்களுக்குப் புரிஞ்சுது.

நீங்க அழுதுகிட்டே சொல்லுங்க, பரவாயில்லை. அப்புறம், அண்ணியை ரெண்டு நாள் அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பி நல்லாத் தூங்க விடுங்க. கீமோ முடிஞ்ச 7-லேருந்து 14 நாளுக்குள்ள பொதுவா கிருமியை எதிர்க்கிற ரத்த வெள்ளணு குறையும், அப்ப வேண்டாம். மூணாவது வாரம் அனுப்புங்க.